செவ்வாய்க்கிழமை யாருக்கு?

போன வாரம் ஒரு காலை. இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். போன். பழனியில் லாட்ஜ் நடத்தும் சின்னுசாமி அண்ணன். குரலில் நல்ல சூடு.

"ஏனுங்க மேடம், இது நியாயமுங்களா? அடுத்த வருசமும் செவ்வாய்க்கெழமைய அந்த மோட்டார்க்காரங்களுக்கே குடுத்துட்டீங்களாமா? நான் முருகன் ஊர்க்காரனுங்க. செவ்வாய்க்கெழம எனக்கில்லாம வேற யாருக்குங்க?"

மிக்ஸியை நிறுத்தினேன். "அண்ணே, அது காலேஜ் விஷயம். டீச்சர்கிட்ட பேசுங்க."

"டீச்சர்கிட்ட பேசிட்டுத்தானுங்க உங்களுக்கு அடிக்கறேன். நீங்களும் கமிட்டில இருக்கறீங்களா இல்லீங்களா?"

நான் பதில் யோசிப்பதற்குள் வைத்துவிட்டார். பேப்பருக்குப் பின்னாலிருந்து என் கணவர், "யாருக்கு நாள் பார்க்கிறீங்க? கல்யாணமா?" என்றார். "இல்லை, காலேஜ்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் விடிய விடியச் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லை... இந்தப் பத்தி என்னுடையது.

ஊர்க்காரர்கள் ஒரு காலேஜோடு சண்டை போட்டுப் பார்த்திருப்பீர்கள். ஃபீஸ், மார்க், பஸ் என்று காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் ஒரு காலேஜுக்கு உழைக்க எனக்கு இந்த நாள்தான் வேண்டும் என்று கேட்டுச் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் ஃபெயிலான பிள்ளைகள் படிக்கிற காலேஜுக்கு?

செம்பட்டி ரோட்டில் இருக்கிறது இந்தச் சமுதாயக் கல்லூரி. கல்லூரி என்றதும் பெரிய ஆர்ச், மஞ்சள் பஸ், புல்தரை என்று கற்பனை செய்துவிடாதீர்கள். பழைய ரைஸ் மில் கட்டிடம். மழை பெய்தால் ஒரு மூலையில் பெஞ்சை நகர்த்திப் போட வேண்டும். பத்தாவதோடு நின்றவர்கள், பிளஸ் டூவில் தவறியவர்கள், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு வருபவர்கள்... இவர்கள்தான் மாணவர்கள். எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ரீவைண்டிங், லாட்ஜ் ஹவுஸ்கீப்பிங், நர்சிங் உதவியாளர் என்று சில கோர்ஸ்கள். நடத்துவது ஆரோக்கியமேரி டீச்சர். பேப்பரில் எழுதுகிற ஆள் ஒருவர் இருந்தால் காலேஜுக்கு நல்லது என்று என்னையும் ஆலோசனைக் கமிட்டியில் போட்டார்கள். டீ குடித்துவிட்டு வருகிற வேலை என்று நினைத்துத்தான் நானும் ஒப்புக்கொண்டேன்.

சென்ற ஆண்டு மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்தார். மோட்டார் கோர்ஸுக்கு அனுமதி புதுப்பிக்க வேண்டிய நேரம்.

"உங்க இண்டஸ்ட்ரி பார்ட்னர்ஸ் யாரு மேடம்?"

"சுத்துப்பட்டு மோட்டார் ஒர்க்‌ஷாப்காரங்க, பழனி லாட்ஜ்காரங்க, பூக் கமிஷன் கடைக்காரங்க..." டீச்சர் அடுக்கினார்.

அதிகாரி சிரித்தார். "மேடம், நான் இண்டஸ்ட்ரியக் கேட்டேன். ரோட்டோரக் கடையக் கேக்கல."

எனக்குச் சுர்ரென்றது. ரோட்டோரக் கடையா? இந்தச் சமவெளியில் கோடையில் ஒரு தோட்டத்து மோட்டார் புகைந்துபோனால் என்ன நடக்கும் என்று இவருக்குத் தெரியுமா? கத்திரிச் செடி தொங்கிவிடும். மல்லிகை மொட்டு சிறுத்துவிடும். அந்த விவசாயி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு யாரிடம் ஓடுகிறார்? கண்ணாடிக் கட்டிடத்தில் இருக்கிற கம்பெனியிடமா? அந்த ரோட்டோரக் கடைக்குத்தானே? ஒரு ஜில்லாவின் பச்சையைக் காப்பாற்றுகிற தொழில் இண்டஸ்ட்ரி இல்லையென்றால், எதுதான் ஐயா இண்டஸ்ட்ரி?

வாய்வரை வந்தது. டீச்சர் என் காலை மிதித்தார். அதிகாரி போகும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். பார்ட்னர் இல்லையென்றால் கோர்ஸுக்கு அனுமதி இல்லை.

இங்கே முத்துலட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தையன்கோட்டைப் பெண். பிளஸ் டூவில் கணக்கு காலை வாரிவிட, அதோடு கல்யாணம். ஒரு குழந்தை. கணவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறார். மோட்டார் ரீவைண்டிங் வகுப்பில் இருக்கும் ஒரே பெண் இவள். வீட்டு வாசலிலேயே கடை போட வேண்டும், போர்டில் தன் பெயர் இருக்க வேண்டும்... இதுதான் அவள் ஆசை. ஒர்க்‌ஷாப்பில் நேரடிப் பயிற்சி முடித்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். பையன்களைச் சேர்த்துக்கொள்ள ஒன்றிரண்டு பேராவது வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார்கள். இவளை ஒருவரும் சேர்க்கவில்லை. ஒர்க்‌ஷாப்காரர்கள் கூட்டாளியானால்தான் கோர்ஸும் பிழைக்கும், இவளுக்கும் வழி பிறக்கும் என்ற நிலைமை.

சரி, கூட்டாளிகளைப் பிடிப்போம் என்று கமிட்டி கூடியது. என்ன செய்தோம் தெரியுமா? படித்தவர்கள் எதைச் செய்வார்களோ அதைத்தான். திண்டுக்கல்லில் ஒரு ஹோட்டலில் ஏசி ஹால் எடுத்தோம். 'இண்டஸ்ட்ரி மீட்' என்று ஃபிளெக்ஸ் அடித்தோம். ரெண்டு கை குலுக்குகிற படம், ஓரத்தில் ரோஜாப்பூ, கீழே கமிட்டியார் பெயர்கள் எல்லாம் போட்டு அழைப்பிதழ் செய்து, எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டோம்.

யார் வந்தார்கள்? போட்டோகிராபர் வந்தார். ஃபிளெக்ஸ் கட்ட வந்தவர் இருந்தார். விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுப் போக ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்தார். அவ்வளவுதான். ஆறிப்போன வடையை டீச்சர் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் மறுநாள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

மறுநாளே டீச்சரும் நானும் பாண்டி அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். சுற்று வட்டாரத்தில் மோட்டார் மெக்கானிக்குகளுக்கெல்லாம் தலைவர் மாதிரி அவர். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்.

"என்ன அண்ணே, கூப்பிட்டும் வரலையே?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"கூப்டீகளா? எப்ப?"

"போன்ல அனுப்பினோமே..."

"போன்லயா? காலைல எந்திரிச்சா அம்புட்டுப் பேரும் ரோசாப்பூவா அனுப்புறாக. அதுல எது உங்க ரோசாப்பூன்னு நான் எப்பிடிம்மா கண்டேன்?" கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டார். "ஊர்த் திருவிழாவுக்கு மண்டகப்படி கேக்குறதுன்னா வெத்தல பாக்குத் தட்டோட வீடு தேடி வருவாக. 'இது உங்க நாளு, எடுத்து நடத்துங்க'ன்னு சொல்லுவாக. அப்பறம் எங்களப் புடிக்க முடியாது. நீங்க என்னடான்னா, ஹோட்டல்ல வந்து உக்காருங்கன்னு உத்தரவு போடுறீக. உக்காந்து நாங்க என்ன செய்யணும்? கை தட்டணுமா?"

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒரு தரப்பு ஏற்றுக்கொள்வது மண்டகப்படி. அன்றைக்குச் சாமி அவர்கள் பொறுப்பு. அலங்காரம், மேளம், வருகிறவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் அவர்களே. முந்தின நாள்காரர்களைவிட ஒரு படி மேலே செய்துகாட்டாவிட்டால் தூக்கம் வராது.

திரும்பி வரும்போது டீச்சர்தான் ஸ்கூட்டரை ஓட்டினார். திடீரென்று வேகத்தைக் குறைத்தார்.

"எங்க மாதா கோயில் திருவிழாவுலயும் இதேதாங்க. நவநாள்ல ஒவ்வொரு நாளும் ஒரு தரப்பு. எங்க தெரு நாள்ல மைக் சரியா கேக்கலன்னு எங்க அண்ணன் வருஷம் பூரா பொலம்பிக்கிட்டே இருப்பாரு." அடுத்து ஒன்று கேட்டார்: "காலேஜ் வாரத்துல ஆறு நாள் இருக்குல்ல?"

கமிட்டியில் சொன்னபோது ஒருவர் மூக்கைச் சுருக்கினார். "இது கல்வி நிறுவனமா, கோயிலா?"

ஏன் சுருக்க வேண்டும்? ஒரு பொதுக்காரியத்தைச் சொந்தக் காரியமாக நினைத்து, ரோஷத்தோடு எடுத்து நடத்தும் பழக்கம் ஒன்று இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. அதை எட்டிக்கூடப் பார்க்காமல் கை குலுக்குகிற படத்தை அனுப்பிக்கொண்டிருப்பதுதான் கல்வியா? மண்டகப்படியில் அசிங்கமும் உண்டு. யாருக்கு முதல் நாள், யாருக்கு நாளே கிடையாது என்று சாதி பார்த்து ஒதுக்கிய கதைகள் எனக்கும் தெரியும். டீச்சருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் தெரு பார்த்து நாள் பிரிக்கவில்லை. தொழில் பார்த்துப் பிரித்தார். அந்தத் தொழிலில் இருக்கும் அத்தனை பேரும் அந்த நாளுக்குச் சொந்தக்காரர்கள் என்றார்.

தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். பேச்சு ரொம்பச் சுருக்கம். "வாரத்துல ஒரு நாள் உங்க நாள். அன்னைக்கு வகுப்பு உங்க பொறுப்பு. மதியச் சாப்பாடு உங்க பொறுப்பு. பிள்ளைகளக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி தொழில் பழக்கி விடுறதும் உங்க பொறுப்பு." ஹோட்டல் ஹாலுக்கு எட்டிப் பார்க்காத மனிதர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து தட்டை வாங்கினார்கள்.

நாள் குறிக்க எல்லாரும் ரைஸ் மில் முற்றத்தில் கூடினார்கள். அன்றைக்குத்தான் ரகளை. பூக்கடைக்காரர்கள் வெள்ளிக்கிழமையை விடவே மாட்டோம் என்றார்கள். வெள்ளிக்கிழமைதான் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத வியாபாரம்! சொன்னால் கேட்டால்தானே? வெள்ளி என்றால் ஒரு மதிப்பு. இன்றுவரை அவர்கள் வெள்ளிதோறும் சட்டையெல்லாம் சாமந்தி இதழோடு மூச்சிரைக்க ஓடி வருகிறார்கள். பாண்டி அண்ணன் தரப்புக்குச் செவ்வாய் விழுந்தது. சின்னுசாமி அண்ணனுக்கு வியாழன். அப்போதே அவர் முகம் சுருங்கிவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பாண்டி அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், பயலுகள நாளைக்கே அனுப்புங்க. அந்தப் புள்ள மட்டும் வேணாம். பல பேரு வந்து போற எடம். எங்க வாயும் ஒரு மாதிரி. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னையத்தான் கேக்கும்."

பின்வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முத்துலட்சுமி எழுந்தாள். குழந்தையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள்.

"அண்ணே, நான் செத்த நேரம் பேசலாமா? உங்க பேச்சுக்கெல்லாம் நான் காதப் பொத்திக்க மாட்டேன். எங்க வீட்டுல பேசாத பேச்சா? எனக்குத் தனியா சேரு வேணாம், ஃபேனு வேணாம். உங்க ஒர்க்‌ஷாப் கக்கூஸ் கதவுக்கு ஒரு தாப்பா மட்டும் வேணும். அம்புட்டுத்தேன்."

பாண்டி அண்ணன் தரையைப் பார்த்தார். டீச்சர்தான் வாயைத் திறந்தார்.

"பாண்டி, மண்டகப்படி எடுக்குற அன்னைக்கு, சாமிய மட்டும் தூக்குறோம், அம்மன எறக்கி வச்சிட்டுப் போறோம்னு சொல்லுவீகளா?"

கழுத்தில் சிலுவை போட்ட அம்மா இதைக் கேட்கிறார்! முற்றத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "நாள எடுத்தா முழுசா எடுங்க. பாதி காலேஜ நான் யாருக்கும் தர்றதா இல்ல."

அப்போதுதான் சின்னுசாமி அண்ணன் பூ மாதிரி நுழைந்தார். "ஏனுங்க பாண்டி, உங்களுக்குச் சிரமமுன்னா விட்டுப்போடுங்க. செவ்வாய இப்படித் தள்ளுங்க. என்ற லாட்ஜ்லயும் மோட்டாரு ஓடுதுங்க, மெக்கானிக்கு வாறாருங்க. புள்ள அங்க வந்து பழகட்டுமுங்க."

"யோவ்! செவ்வாக்கெழமயில கை வச்ச... பாத்துக்க!" பாண்டி அண்ணன் எழுந்தே விட்டார். "ஏம்மா, நாளைக்குக் காலைல வந்துரு. தாப்பா போட்டு வைக்கிறேன்."

அவர் மனம் மாறிவிட்டதா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. பெண்ணுக்குக் கதவு திறக்க ஊரில் உள்ள ஆண்கள் எல்லாரும் முதலில் ஞானம் பெற வேண்டும் என்றால் அவள் பேத்திக்குக்கூடக் கதவு திறக்காது. ரோஷத்தில் திறந்தாலும் கதவு கதவுதான். அவள் உள்ளே போய்விட்டாள். எனக்கு அது போதும்.

தாழ்ப்பாளும் வந்தது. பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அத்தனை நாள் அந்தக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்! உள்ளே தாழ்ப்பாள், வெளியே ஒரு கனத்த பூட்டு, சாவி முத்துலட்சுமியிடம். இப்போது அங்கே வேலை பார்க்கும் ஆண்கள் அவசரத்துக்கு அவளிடம்தான் சாவி கேட்டு நிற்கிறார்கள்.

இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதே அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நானும் இருந்தேன். ஏன் இருந்தேன் என்று கேட்காதீர்கள். மெக்கானிக்குகள் நாளில் சாப்பாடு நன்றாக இருக்கும்.

மேஜைமேல் எரிந்துபோன மோட்டார் ஒன்று வயிற்றைத் திறந்து கிடந்தது. பாண்டி அண்ணன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் அடுப்பு புகைந்தது. சாம்பார் சாதம், வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல்.

"இவங்கல்லாம் யாரு?"

"இண்டஸ்ட்ரி சார்" என்றார் டீச்சர். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஒப்பந்தம் எங்க? லெட்டர்ஹெட் எங்க?"

பாண்டி அண்ணன் முன்னால் வந்தார். "நாள் எடுத்திருக்கோம் சார்."

"நாளா? எழுத்துல இருக்கா?"

"எழுத்துல எதுக்கு சார்? தட்டு வாங்கியிருக்கோம்ல?"

"சரி, ஒரு வாரம் நீங்க வரலன்னா? யார் பொறுப்பு?"

பாண்டி அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். யாரோ தன் வீட்டைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்ட மாதிரி முகம் சிவந்துவிட்டது. "வராம போறதா? அப்பறம் நான் எப்பிடி சார் அந்தப் பழனிக்காரன் மூஞ்சில முழிக்கிறது?"

அதிகாரி இதைக் குறித்துக்கொள்ளவில்லை. அவர் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. நான் சொல்கிறேன்... பெரிய பெரிய கம்பெனிகள் கை குலுக்கிப் போட்ட ஒப்பந்தங்கள் எத்தனையோ காலேஜ்களில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. போட்டோ எடுத்த நாளுக்குப் பிறகு அந்தக் கம்பெனிக்காரர் எத்தனை தடவை வந்தார் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஆட்களுக்கு லெட்டர்ஹெட் கிடையாது. அவர்கள் வாரம் தவறாமல் வருகிறார்கள். வந்தால் சோறு போடுகிறார்கள். தொழிலைக் கையில் கொடுக்கிறார்கள். நீங்கள் கேட்ட பார்ட்னர் இதில் யார், சார்?

"பரிசீலிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். சாப்பிடுங்கள் என்று டீச்சர் சொன்னார், பாண்டி அண்ணன் சொன்னார், முத்துலட்சுமி இலையே போட்டுவிட்டாள். கையசைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். பாண்டி அண்ணனுக்கு அனுமதி கிடைக்குமா என்ற கவலைகூட இல்லை. "நம்ம நாள்ல ஒருத்தர் சாப்டாமப் போறாரே டீச்சர்..." என்று அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னும் அனுமதி வரவில்லை. பழைய அனுமதியிலேயே சேர்ந்தவள் என்பதால் முத்துலட்சுமி பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிடுவாள். அவள் கரையேறிவிட்டாள். ஆனால் அனுமதி வராவிட்டால் அடுத்து ஒரு பிள்ளையைக்கூட மோட்டார் கோர்ஸில் சேர்க்க முடியாது. முத்துலட்சுமியைப் பார்த்துவிட்டு அவள் நாத்தனார் பெயர் கொடுத்திருக்கிறாள். தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து ரெண்டு பெண்கள் வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? உங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்கு லெட்டர்ஹெட் இல்லை, அதனால் நீங்கள் வீட்டிலேயே இருங்கள் என்றா? சொல்ல மாட்டேன். என் வாயிலிருந்து அது வராது.

அன்று காலை, சட்னியை வழித்துவைத்துவிட்டுச் சின்னுசாமி அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நீங்க அடுத்த வருஷச் செவ்வாய்க்குச் சண்டை போடுறீங்க. மோட்டார் கோர்ஸுக்கு அனுமதியே இன்னும் வரல. அடுத்த வருஷம் கோர்ஸ் இருக்குமான்னே தெரியாது."

அந்தப் பக்கம் பழனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"அதெப்படிங்க இல்லாமப் போகும்? குடுக்கறவங்க குடுக்காமப் போகட்டுமுங்க. நாளு எடுத்தவங்க நாங்க இருக்கறமுல்லீங்க? அங்க நடத்தக்கூடாதுன்னா என்ற லாட்ஜு மாடில வெச்சுக்கலாமுங்க. சான்றிதழ அப்பறமா சண்ட போட்டு வாங்கிக்கலாமுங்க." ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "ஆனா செவ்வாய் எனக்கு வேணுமுங்க."

மாடி விஷயத்தை டீச்சரிடம் சொல்கிறேன் என்றேன். செவ்வாய் தருகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை. பாண்டி அண்ணன் என்னை உயிரோடு விட மாட்டார்.

அதிகாரி சார், யாராவது இந்தப் பக்கத்தை உங்களிடம் காட்டத்தான் போகிறார்கள். தாராளமாக மறுபடி ஆய்வுக்கு வாருங்கள். எந்தக் கிழமை என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றைய நாள்காரர்கள் உங்களுக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும்... இந்தத் தடவை சாப்பிடாமல் யாரும் ஜீப்பில் ஏறவிட மாட்டார்கள்!